தன் காதல் தோல்வியைத் தானே படமாக்கிய இயக்குநர்கள்

ஒரு திரைப்பட இயக்குநர், தன் வாழ்வில் முறிந்துபோன காதல் உறவுகளையே கருப்பொருளாகக் கொண்டு படம் எடுப்பது திரைப்பட வரலாற்றில் தனித்த ஒரு போக்காகும். இது இரண்டு வகைப்படும். பெயர்களை மாற்றி, நடிகர்களைக் கொண்டு, கற்பனைக் கதை போலச் சொல்வது முதல் வகை. இயக்குநரே கேமராவுடன் சென்று, உண்மையான மனிதர்களைப் பேசவைத்து, ஆவணப்படமாகத் தருவது இரண்டாம் வகை. இந்தியாவில் முதல் வகையே மிகுதி. மகேஷ் பட், பாலு மகேந்திரா ஆகியோரின் படங்கள் இதற்குச் சான்றுகள். இரண்டாம் வகை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1970களில் வேரூன்றியது.

இரு வகைகளுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. முறிந்த காதலில் இருவர் இருக்கின்றனர். கேமரா ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. கேமரா இல்லாதவரின் பக்கம் எப்படிச் சொல்லப்படுகிறது, அவருடைய இசைவு பெறப்பட்டதா என்னும் கேள்விகள் இவ்வகைப் படங்களின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன.

தமிழ் மரபில் காதலும் பெயரும்

தமிழ் இலக்கணம் இக்கேள்வியை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. காதலைப் பாடும் அகப்பாடலில் ஒருவருடைய இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் விதிக்கிறது. அதனால்தான் சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே வருகின்றன. பாடல் ஒரு குறிப்பிட்ட மனிதரின் வாழ்வைப் பற்றியது என்று தெரிந்துவிட்டால், அது அகத்திலிருந்து விலகிப் புறமாகக் கருதப்படும்.

இந்த விதி எவ்வளவு நுட்பமாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை எடுத்துக்காட்டாகும். நக்கீரர் பாடிய இந்நூல் பத்துப்பாட்டில் ஒன்று. பிரிவில் வாடும் அரசியையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பற்றியது. அரசனின் பெயர் எங்கும் இல்லை. ஆயினும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்னும் குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஓர் அடையாளமே தலைவன் இன்னான் என்று காட்டிவிடுவதால், இது அகம் ஆகாது, புறமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். பெயரை மறைத்தாலும் அடையாளம் வெளிப்பட்டுவிட்டால் மறைத்ததாக ஆகாது என்பதே இதன் பொருள்.

தன் காதல் துயரைத் தானே பாடியவராகக் கருதப்படும் புலவரும் சங்க இலக்கியத்தில் உண்டு. அவர் வெள்ளிவீதியார். பிரிந்த தலைவனைத் தேடி அவர் அலைந்த செய்தியை ஔவையார் அகநானூற்றின் 147ஆம் பாடலில் குறிப்பிடுகிறார். ஆனால் வெள்ளிவீதியாரின் சொந்தப் பாடல்களில் அந்தத் தலைவனின் பெயர் இல்லை. தன் துயரைச் சொன்னார், மற்றவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் திரைப்பட இயக்குநர்கள் சந்தித்த சிக்கலை அளந்துபார்க்க இது பொருத்தமான அளவுகோலாகும்.

இந்தித் திரையில் தொடக்கம்

இந்தித் திரையுலகில் இப்போக்கின் முன்னோடியாகக் குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்' (1959) குறிப்பிடப்படுகிறது. மணவாழ்க்கை முறிந்த ஒரு திரைப்பட இயக்குநருக்கும் அவர் அறிமுகப்படுத்தும் நடிகைக்கும் இடையிலான நிறைவேறாத அன்பே கதை. இயக்குநர் வேடத்தில் குரு தத்தும் நடிகை வேடத்தில் வஹீதா ரஹ்மானும் நடித்தனர். இந்தியில் சினிமாஸ்கோப் முறையில் எடுக்கப்பட்ட முதல் படம் இதுவே. கதையைப் பார்த்தவர்கள் குரு தத்தின் சொந்த வாழ்வின் சாயலை அதில் கண்டனர். வெளியான காலத்தில் படம் வசூலில் தோல்வியுற்றது. அதன் பின் குரு தத் தம் பெயரில் வேறு படம் இயக்கவில்லை. 1964 அக்டோபர் 10 அன்று அவர் மறைந்தார். இன்று அப்படம் இந்தியத் திரைப்படத்தின் உயர்ந்த படைப்புகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

மகேஷ் பட்: ஓர் உறவு, மூன்று படங்கள்

இந்தியாவில் தன் காதல் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்ட இயக்குநர் மகேஷ் பட் (பிறப்பு: 1948). 1970களின் இறுதியில், ஏற்கெனவே திருமணமாகியிருந்த அவருக்கும் புகழின் உச்சியில் இருந்த நடிகை பர்வீன் பாபிக்கும் உறவு ஏற்பட்டது. பர்வீன் பாபி மனநோய்க்கு ஆளானார். உறவு முறிந்தது. இந்த அனுபவத்திலிருந்தே 'அர்த்' (1982) பிறந்தது என்று பட் பல நேர்காணல்களில் கூறியுள்ளார்.

அர்த் படத்தின் தனிச்சிறப்பு, கதை சொல்லப்படும் கோணம் ஆகும். தவறிய கணவனின் பக்கமிருந்து அல்லாமல், கைவிடப்பட்ட மனைவியின் பக்கமிருந்து படம் நகர்கிறது. மனைவி பூஜாவாக ஷபானா ஆஸ்மி, கணவன் இந்தராகக் குல்பூஷன் கர்பந்தா, நடிகை கவிதாவாக ஸ்மிதா பாட்டீல் நடித்தனர். ஷபானா ஆஸ்மிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது.

படத்தின் இறுதியில், கவிதா விலகிய பிறகு, இந்தர் மனைவியிடம் திரும்பி வருகிறான். பூஜா அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: தான் இவ்வாறு இன்னொருவனிடம் சென்றுவிட்டுத் திரும்பி வந்திருந்தால் அவன் ஏற்றுக்கொள்வானா? இல்லை என்கிறான் இந்தர். அவள் அவனை ஏற்க மறுக்கிறாள். தன்மீது அன்பு கொண்ட இன்னொரு ஆணையும் நம்பியிராமல், வீட்டுப் பணிப்பெண்ணின் மகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுத் தனித்து வாழத் தீர்மானிக்கிறாள். அக்காலத்து இந்திப் படங்களில் தவறிய கணவனை மனைவி மன்னித்து ஏற்பதே வழக்கம். பட் தன் சாயல் கொண்ட பாத்திரத்துக்கு அந்த மன்னிப்பைத் தரவில்லை.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அதே உறவு 1993இல் 'பிர் தேரி கஹானி யாத் ஆயி' என்னும் தொலைக்காட்சித் திரைப்படமாக மீண்டும் வந்தது. பர்வீன் பாபி 2005 ஜனவரியில் மும்பையில் தம் வீட்டில் தனிமையில் இறந்து கிடந்தார். அடுத்த ஆண்டு, பட் எழுத, மோஹித் சூரி இயக்க, 'வோ லம்ஹே' (2006) வெளியானது. ஓர் இயக்குநருக்கும் மனநோயுற்ற நடிகைக்கும் இடையிலான காதலே அதன் கதை.

இம்மூன்று படங்களிலும் பாத்திரப் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. ஆனால் யாரைப் பற்றிய கதை என்பதில் பார்வையாளர்களுக்கு ஐயம் இருக்கவில்லை. நெடுநல்வாடையின் வேப்பந்தழையைப் போலவே, புகழ்பெற்ற ஒருவரின் நோயும் தொழிலும் அவரை அடையாளம் காட்டிவிட்டன. அர்த் படத்தில் மனைவிக்குக் கிடைத்த நியாயமான இடம், நோயுற்ற அந்த நடிகைக்குக் கிடைத்ததா என்னும் கேள்வி இன்றும் விவாதத்துக்கு உரியது.

தமிழில்: பாலு மகேந்திரா

தமிழில் இப்போக்குக்கு முதன்மையான சான்று பாலு மகேந்திரா (1939–2014). இலங்கையின் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்த இவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றார். இவருடைய முதல் தமிழ்ப்படமான 'அழியாத கோலங்கள்' (1979), பதின்வயதுச் சிறுவர்களின் வாழ்வைப் பற்றியது. இயக்குநரின் இளமை நினைவுகளே அதன் அடிப்படை. அதில் சிறுவர்களின் மனம்கவர்ந்த ஆசிரியையாக நடித்தவர் ஷோபா.

ஷோபா 1962இல் பிறந்தவர். 'பசி' (1979) படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். தம்மைவிட இருபத்து மூன்று வயது மூத்தவரும் ஏற்கெனவே திருமணமானவருமான பாலு மகேந்திராவுடன் அவருக்கு உறவு ஏற்பட்டது. 1980 மே 1 அன்று, தம் பதினேழாம் வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் நடித்து முடித்திருந்த 'மூடுபனி' அதே ஆண்டின் இறுதியில்தான் திரைக்கு வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 'மூன்றாம் பிறை' (1982) வெளியானது. விபத்தில் நினைவிழந்து குழந்தைபோல் ஆகிவிட்ட ஓர் இளம்பெண்ணை ஒரு பள்ளி ஆசிரியர் நீலகிரி மலையில் தம் வீட்டில் வைத்துக் காக்கிறார். நினைவு திரும்பியதும் அவள் அவரை அடியோடு மறந்துவிடுகிறாள். கொட்டும் மழையில், கிளம்பும் ரயிலின் சன்னலுக்கு வெளியே நின்று, பழைய நாள்களை நினைவூட்ட அவர் படும் பாடு தமிழ்ப்படங்களின் மறக்கமுடியாத காட்சிகளுள் ஒன்று. கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், பாலு மகேந்திராவுக்குச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருதும் கிடைத்தன. ஷோபாவின் மறைவு தம்முள் ஏற்படுத்திய பாதிப்பே இப்படத்தின் கரு என்று பாலு மகேந்திரா கூறியுள்ளார்.

இழந்தவனின் துயரம் இப்படத்தில் முழுமையாக வெளிப்படுகிறது. அதை மறுக்க முடியாது. அதே வேளையில், இக்கதையில் பெண் நினைவிழந்தவள். நடந்தவற்றைப் பற்றிச் சொல்ல அவளிடம் சொல் எதுவும் இல்லை. உண்மை வாழ்வில் ஷோபாவும் தம் பக்கத்தைச் சொல்ல உயிருடன் இல்லை. அடுத்த ஆண்டே கே. ஜி. ஜார்ஜ் மலையாளத்தில் இயக்கிய 'லேகயுடே மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்' (1983) வந்தது. திரைத்துறைக்குள் கொண்டுவரப்பட்ட ஓர் இளம்பெண், புகழ்பெற்று, திருமணமான இயக்குநர் ஒருவரைக் காதலித்து, இறுதியில் இறப்பதே அதன் கதை. அது ஷோபாவின் வாழ்வைத் தழுவியது என்று பரவலாகக் கருதப்படுகிறது. எனவே ஒரே இழப்பு, காதலன் எடுத்த படமாகவும் வெளியிலிருந்து ஒருவர் எடுத்த படமாகவும் ஓராண்டு இடைவெளியில் பதிவாகியுள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர், கோணம் மாறினால் கதை எவ்வளவு மாறுகிறது என்பதை உணரலாம்.

மகேஷ் பட்டின் அர்த் படத்தைத் தமிழில் 'மறுபடியும்' (1993) என்ற பெயரில் எடுத்தவரும் பாலு மகேந்திராவே. மனைவியாக ரேவதியும், நடிகையாக ரோகிணியும், திரைப்பட இயக்குநரான கணவனாக நிழல்கள் ரவியும் நடித்தனர். இங்கும் மனைவியே கதையின் மையம். திரும்பி வரும் கணவனை அவள் ஏற்பதில்லை.

சேரனின் ஆட்டோகிராஃப்

காதல் தோல்விகளை வரிசையாகத் திரும்பிப் பார்க்கும் அமைப்பைத் தமிழில் பெரிதும் பரப்பிய படம் 'ஆட்டோகிராஃப்' (2004). மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த சேரன் இதை எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாகவும் நடித்தார். இது தன்வரலாற்று ஆவணப்படம் அன்று. நாயகனின் பெயர் செந்தில்; கதை புனைவே. ஆயினும் இயக்குநரே அப்பாத்திரத்தை ஏற்று நடித்ததால், தன் கதையைத் தானே சொல்லும் தோற்றம் படத்துக்குக் கிடைத்தது.

செந்தில் தன் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, பள்ளிப் பருவத்தில் நேசித்த கமலா, கல்லூரிக் காலத்தில் காதலித்த கேரளப் பெண் லத்திகா, துவண்டபோது தோள்கொடுத்த தோழி திவ்யா ஆகியோரைத் தேடிப் பயணம் செய்கிறான். கதையின் வெவ்வேறு பருவங்களுக்கு வெவ்வேறு ஒளிப்பதிவாளர்கள் பணியாற்றினர். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதோடு, பாடலாசிரியர் பா. விஜய்க்கும் பாடகி சித்ராவுக்கும் தேசிய விருதுகளை இப்படம் பெற்றுத்தந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மீண்டும் எடுக்கப்பட்டது.

இங்குக் கவனிக்கத்தக்கது லத்திகாவின் பகுதி. காதலன் நினைவில் அவள் கல்லூரி மாணவியாகவே இருக்கிறாள். நேரில் சென்று பார்க்கும்போது அவள் கணவனை இழந்தவளாக இருக்கிறாள். நினைவில் வைத்திருந்த முகமும் உண்மையில் வாழ்ந்த வாழ்வும் ஒன்றல்ல என்பதை அந்தச் சந்திப்பு காட்டுகிறது. பழைய காதலைத் தேடிச் செல்லும் படங்கள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் உண்மை இது.

ஆவணப்படமாக மாறிய கதை

பெயரை மாற்றாமல், நடிகர்கள் இல்லாமல், தன் உறவின் முறிவையே நேரடியாகப் பதிவு செய்யும் முறை தோன்றுவதற்குக் கருவிகளின் மாற்றம் முதற்காரணம். 1950கள் வரை படப்பிடிப்புக்குப் பெரிய குழு தேவைப்பட்டது. 1960களில் தோளில் சுமக்கத்தக்க 16 மி.மீ. கேமராவும், அதனுடன் ஒத்திசைந்து ஒலியைப் பதிவு செய்யும் நாக்ரா போன்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் புழக்கத்துக்கு வந்தன. ஒருவரோ இருவரோ சேர்ந்து ஒரு வீட்டுக்குள் படம்பிடிக்க முடிந்தது.

இதன் விளைவை முதலில் கற்பனையில் காட்டியது ஜிம் மெக்பிரைட் இயக்கிய 'டேவிட் ஹோல்ஸ்மன்ஸ் டைரி' (1967) என்னும் அமெரிக்கப் படம். உண்மையைக் கண்டறியும் நோக்கில் ஓர் இளைஞன் தன் அன்றாட வாழ்வைப் படம்பிடிக்கத் தொடங்குகிறான். தன்னைப் படம்பிடிப்பதை அவன் காதலி விரும்பவில்லை. அவள் உறங்கும்போது அவன் படம்பிடிக்கிறான். அவள் அவனை விட்டுப் போய்விடுகிறாள். பார்ப்பதற்கு ஆவணப்படம் போலத் தோன்றினாலும் இது முழுவதும் நடிக்கப்பட்டது. பின்னால் வரவிருந்த உண்மையான படங்களின் சிக்கலை இது முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கசுவோ ஹரா

ஜப்பானிய இயக்குநர் கசுவோ ஹராவின் 'எக்ஸ்ட்ரீம் பிரைவேட் ஈரோஸ்: லவ் சாங் 1974' இத்துறையில் ஒரு மைல்கல். அவருடன் வாழ்ந்த மியுகி டக்கேடா, தம் குழந்தையுடன் அவரைப் பிரிந்து ஒக்கினாவா தீவுக்குச் சென்றுவிட்டார். அவருடன் தொடர்பை விடாமல் இருக்கப் படம் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணத்துடன் ஹரா கேமராவுடன் அங்குச் சென்றார். ஹராவின் புதிய துணைவியான சச்சிகோ கொபயாஷி ஒலிப்பதிவு செய்தார்.

இப்படத்தில் டக்கேடா அமைதியாக இருக்கவில்லை. கேமராவை நோக்கியே ஹராவின் குறைகளை அடுக்குகிறார்; புதிய துணைவியையும் விமர்சிக்கிறார். பின்னர் அவர் யாருடைய உதவியும் இன்றித் தாமே பிள்ளை பெறும் காட்சியும் பதிவாகியுள்ளது. அந்தக் காட்சி மங்கலாக இருக்கிறது. பதற்றத்தில் ஹராவால் கேமராவின் குவியத்தைச் சரிசெய்ய முடியவில்லை. கேமரா வைத்திருந்தவர் ஹரா என்றாலும், படத்தில் வலிமையானவராகத் தெரிபவர் டக்கேடா.

ராஸ் மெக்எல்வீ

அமெரிக்க இயக்குநர் ராஸ் மெக்எல்வீயின் 'ஷெர்மன்ஸ் மார்ச்' (1986) இவ்வகையில் மிகவும் பெயர்பெற்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் தளபதி ஷெர்மன் தென்மாநிலமான ஜார்ஜியாவின் வழியே நடத்திய அழிவுப் படையெடுப்பைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அவர் நிதி உதவி பெற்றிருந்தார். படப்பிடிப்புத் தொடங்கும் வேளையில் காதலி அவரைப் பிரிந்தார். ஷெர்மன் சென்ற வழியில் பயணம் செய்த மெக்எல்வீ, வழியில் சந்தித்த பெண்களையும், அவர்களுடன் நெருங்க முயன்று தோற்றதையும் படம்பிடித்தார். வரலாற்றுப் படம் காதல் தோல்விகளின் பதிவாக மாறியது.

அவருடைய பழைய ஆசிரியையும் தோழியுமான சார்லீன் ஸ்வான்சியா, அவருக்குப் பெண் பார்த்துக் கொடுக்க முயல்கிறார். கேமராவைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணுடன் பேசும்படி அவரைக் கடிந்துகொள்கிறார். மெக்எல்வீ கேமராவை வைப்பதாக இல்லை. காதலைத் தேடுவதற்கு அவர் பயன்படுத்திய கருவியே காதலுக்குத் தடையாக நிற்பதைப் பார்வையாளர் நேரில் காண்கிறார். இப்படம் 1987இல் சன்டேன்ஸ் விழாவில் ஆவணப்படத்துக்கான நடுவர் பெரும்பரிசைப் பெற்றது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இரண்டு கேமராக்கள்

கேமரா ஒருவரிடம் மட்டும் இருப்பதால் வரும் சிக்கலுக்கு நேரான விடை ஒன்றைப் பிரெஞ்சுக் கலைஞர் சோஃபி கால் முயன்றார். 1992இல் அவரும் அவர் நண்பர் கிரெக் ஷெப்பர்டும் ஒரு பழைய காடிலாக் காரில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தனர். இருவரிடமும் ஆளுக்கொரு வீடியோ கேமரா இருந்தது. அருகருகே பயணம் செய்தபடியே, மற்றவரிடம் சொல்லாத குறைகளை ஒவ்வொருவரும் தம் கேமராவிடம் சொன்னார்கள். இரண்டு பதிவுகளையும் இணைத்து 'டபுள் பிளைண்ட்' என்ற படம் உருவாயிற்று. ஒரே நாள், ஒரே அறை, ஆனால் இரண்டு வேறு கதைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படம் அரிது.

பின்வந்த படங்கள்

பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் வெய்ட், 'எ கம்ப்ளீட் ஹிஸ்டரி ஆஃப் மை செக்ஸுவல் ஃபெயிலியர்ஸ்' (2008) என்னும் படத்தில், தன்னைக் கைவிட்ட பழைய காதலிகளை ஒவ்வொருவராகத் தேடிச் சென்று, ஏன் விலகினீர்கள் என்று கேட்கிறார். பலர் பேச மறுக்கின்றனர். பேசியவர்கள் சொல்லும் குறைகளுக்கு, எங்கும் நேரத்துக்கு வராத அவருடைய போக்கே திரையில் சான்றாகிறது. நகைச்சுவையாக எடுக்கப்பட்ட இப்படத்தில், மறுத்தவர்களின் மறுப்பும் ஒரு செய்தியாகவே பதிவாகிறது.

இந்திய வம்சாவளியினரிடையே 'மீட் தி படேல்ஸ்' (2014) குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் வளர்ந்த குஜராத்தியரான ரவி படேல், பெற்றோருக்குத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள் ஓர் அமெரிக்கப் பெண்ணைக் காதலித்துப் பிரிந்தவர். அதன்பின் பெற்றோர் விருப்பப்படி, பயோடேட்டா பரிமாறி, சமூகக் கூட்டங்களுக்குச் சென்று பெண் தேடுகிறார். அவர் அக்கா கீதா படேல் அதைப் படம்பிடித்தார். தோற்ற காதலுக்குப் பின்னால் குடும்பம், சாதி வழக்கம், இனம் ஆகியவை எவ்வாறு செயல்படுகின்றன என்பதை இப்படம் சிரிப்பினூடே காட்டுகிறது. காதலில் தோற்றவர் வேறு, கேமரா வைத்திருந்தவர் வேறு என்பதால், தம்பியின் சாக்குப்போக்குகளை அக்கா அங்கேயே கேள்வி கேட்க முடிந்தது.

சட்டம் சொல்வது

தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல ஒருவருக்கு உள்ள உரிமைக்கும், அக்கதையில் இடம்பெறும் மற்றவரின் அந்தரங்க உரிமைக்கும் உள்ள எல்லையைப் பற்றிய முக்கியமான இந்தியத் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்தே வந்தது. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், 1991இல் செங்கல்பட்டுக் கிளைச்சிறையில் இருந்தபோது ஏறத்தாழ 300 பக்கங்களில் தன் வரலாற்றை எழுதினார். அதை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத்துறையிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் இவ்வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது.

வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அத்துடன், ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் குடும்பம், மணவாழ்க்கை, மகப்பேறு போன்றவற்றில் அந்தரங்கம் காக்கும் உரிமை உண்டு என்றும், அவருடைய இசைவின்றி அவற்றைப் பற்றி எழுதி வெளியிடக் கூடாது என்றும் வகுத்தது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதால் இது மாறுவதில்லை. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளவை இதற்கு விலக்கு. தானே விரும்பிப் பொது விவாதத்துக்குள் வந்தவரின் நிலையும் வேறு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்பதை 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக உறுதிசெய்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றமாகும்.

இன்றைய நிலை

ஹராவும் மெக்எல்வீயும் தோளில் சுமந்த கருவிகள் செய்த வேலையை இன்று ஒரு கைப்பேசி செய்கிறது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமான கையெழுத்துப்படி உருவான செங்கல்பட்டுக்கு வடக்கே, சற்றுத் தொலைவில் உள்ள சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களின் கையிலும் அது உள்ளது. படம்பிடிக்கவும், தொகுக்கவும், வெளியிடவும் குழுவோ நிதியோ தேவையில்லை. எனவே, முன்பு ஒருசில இயக்குநர்களின் அறச்சிக்கலாக இருந்தது இன்று எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. பிரிந்தவரின் முகமும் குரலும் கடிதமும் வெளியிடுபவருக்கு மட்டும் சொந்தமல்ல.

இவ்வகைப் படங்களைப் பயிலும் மாணவர் சில கேள்விகளை மனத்தில் கொள்வது பயன்தரும். கதையில் மறுபக்கத்தவர் பேசுகிறாரா, அல்லது அவரைப் பற்றிப் பேசப்படுகிறதா? அவருடைய இசைவு இருந்ததா? அவர் மறுத்திருந்தால் அந்த மறுப்பு மதிக்கப்பட்டதா? பெயர் மறைக்கப்பட்டிருந்தால், அடையாளமும் மறைந்துள்ளதா? இயக்குநர் தன் தவற்றைக் காட்டுகிறாரா, தன் துயரத்தை மட்டும் காட்டுகிறாரா? இக்கேள்விகளை வைத்துப் பார்த்தால், இறுதியில் மறுப்புச் சொல்லும் உரிமையை மனைவிக்குக் கொடுத்த அர்த், எதிர்த்துப் பேசும் டக்கேடாவை வெட்டி நீக்காமல் வைத்த ஹராவின் படம், கேமராவை இருவருக்கும் பகிர்ந்த சோஃபி காலின் படம் ஆகியவை ஏன் இன்றும் பேசப்படுகின்றன என்பது விளங்கும். மூன்றாம் பிறையைப் பார்க்கும்போது, ரயில் நிலையத்தில் நிற்பவனின் துயரத்தோடு, ரயிலுக்குள் இருப்பவளுக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கத் தோன்றும்.